யார்தான் உலக சாம்பியன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில்முறை குத்துச்சண்டையில் 'உலக சாம்பியன்' என்று செய்தி வந்தால், எந்த அமைப்பின் சாம்பியன், எந்த ரகம் என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என அமைப்புகள் நான்கு. எடைப்பிரிவுகள் 17. அதிலேயே 68 பட்டங்கள் ஆகிவிட்டன. அதோடு நிறுத்தினார்களா? டபிள்யூபிஏ ஒரே எடையில் 'சூப்பர்' சாம்பியன் ஒருவரையும் 'ரெகுலர்' சாம்பியன் ஒருவரையும் வைத்துக்கொள்ளும். டபிள்யூபிசி பங்குக்கு சில்வர், டைமண்ட், ஃப்ரான்சைஸ். அப்புறம், சாம்பியன் மோத முடியாத நேரத்துக்கென்று 'இடைக்கால' சாம்பியன் வேறு. நகைக்கடைச் சீட்டுத் திட்டம் போலிருக்கிறது!

2024 மே மாதம் ரியாத்தில் பிரிட்டன் வீரர் டைசன் ஃப்யூரியை வென்று உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக், அதிக எடைப்பிரிவான ஹெவிவெயிட்டின் நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கினார். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் கேள்விக்கு இடமில்லாத ஒரே சாம்பியன் அவர்தான். அடுத்த மாதமே ஐபிஎஃப் பட்டம் அவர் கையைவிட்டுப் போனது. யாரிடமும் தோற்கவில்லை. ஃப்யூரியுடன் மறுபோட்டிக்கு ஒப்பந்தம் இருந்தது, ஐபிஎஃப்போ தான் சொல்லும் ஆளுடன் மோதச் சொன்னது. பட்டம் இடைக்கால சாம்பியனான டேனியல் டுபுவாவுக்குப் போனது.

இத்தனை பட்டங்களுக்கும் காரணம் பணம்தான். ஒவ்வொரு பட்டப் போட்டிக்கும் வீரரின் ஊதியத்தில் சுமார் 3 சதவீதம் அமைப்புக்குப் போகிறது. பட்டங்கள் கூடினால் வசூலும் கூடும்.

அமைப்புகள் திருந்தும் என்று நான் நம்பவில்லை. விளையாட்டுப் பக்கத்திலாவது வெறுமனே 'உலக சாம்பியன்' என்று போடாமல், எந்த அமைப்பு, முழுப் பட்டமா இடைக்காலமா என்று ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டை ரசிகர்