டெஸ்ட்டுக்குப் போகாதவங்களையும் சேர்த்துத்தானே கணக்கு போட்டாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் ஹெல்த் பக்கத்துல 'குடல் ஸ்கோப் டெஸ்ட்டால் சாவு குறையவில்லை'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க. அதை போட்டோ எடுத்து என் சித்தி பையன் வாட்ஸ்அப்ல அனுப்பினான், "அக்கா, கிட் வந்திருக்கு பண்ணு பண்ணுன்னு உயிரை எடுத்தீங்களே, எல்லாம் வேஸ்ட்டாம் பாருங்க"ன்னு. கிட்னா, குடல் புத்துநோயை முன்னாடியே பிடிக்க, மலத்துல ரத்தம் இருக்கான்னு பார்க்க இங்க இங்கிலாந்துல வீட்டுக்கு அனுப்பறது; ரத்தம் இருந்தா அடுத்தது ஸ்கோப், அதாவது குடலுக்குள்ள கேமராக் குழாய் விட்டுப் பார்க்கறது. அவனுக்கு இப்பதான் 50 முடிஞ்சது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

நீங்க சொல்ற ஆய்வு 2022ல வந்தது, போலந்து, நார்வே, ஸ்வீடன்ல 84,585 பேரை வச்சு பண்ணது, உங்களுக்குத் தெரியாததில்ல. கொஞ்சம் பேருக்கு வாங்கன்னு லெட்டர் போட்டாங்க, மத்தவங்களுக்குப் போடல. லெட்டர் வாங்கினவங்கள்ல போய் ஸ்கோப் பண்ணிக்கிட்டது 100க்கு 42 பேர். போகாத 58 பேரையும் சேர்த்துத்தான் பத்து வருஷக் கணக்கு, அப்படியும் லெட்டர் வராதவங்கள்ல குடல் புத்துநோய் 1.20 சதவீதம், வந்தவங்கள்ல 0.98; அதனால சாவு 0.31 சதவீதம், வந்தவங்கள்ல 0.28. போய் பண்ணிக்கிட்டவங்களுக்குன்னு தனியா கணக்கு பார்த்தா சாவு பாதியாகுதுன்னு அதே கட்டுரையிலயே இருக்கு. போறவங்க பொதுவாவே உடம்பைப் பார்த்துக்கறவங்கதான், அதனால அந்தப் பாதியை அப்படியே நம்பக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா 42 பேருங்கறத நீங்க ஒரு இடத்துலகூட சொல்லலையே சார்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு அறுபது வயசுக்கு மேல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கவர் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அப்ப இருந்தது பழைய அட்டை, மூணு நாள் தனித்தனியா மலத்தைக் குச்சியில எடுத்து ஆறு கட்டத்துல தடவணும். சாமி படம் மாட்டின வீட்டுல இதெல்லாம் ஒரு வேலையான்னு மாமா வச்சுட்டார். ரத்தம் போனப்ப மூலம்னு நினைச்சு கிரீம் வாங்கித் தடவினார், ஆறு மாசம். கண்டுபிடிச்சப்ப கல்லீரலுக்குப் போயிருச்சு. காரியம் முடிஞ்சு நானும் அக்காவும் கேஸ் பில் தேடி டிராயரைக் குடைஞ்சா, அடியில ரெண்டு கவர், ஒட்டினது ஒட்டினபடியே. அக்கா அதைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்னு எனக்குத்தான் தெரியும்.

2019ல அட்டை போய் சின்ன பாட்டில் வந்துச்சு, மூடியிலயே குச்சி, ஒரே தடவை தொட்டு எடுத்து, தேதி எழுதி தபால்ல போட்டா ஆச்சு. எனக்கு 60 ஆனப்ப 2021ல பண்ணேன். ரத்தம் இருக்குன்னு லெட்டர் வந்துச்சு, ஸ்கோப் பண்ணி பாலிப் ஒண்ணை, குடல் உள்சுவர்ல வளர்ற சின்னக் கட்டியை, வெட்டி எடுத்தாங்க. அதை விட்டிருந்தா பத்து வருஷத்துல என்னவா ஆகியிருக்குமோ தெரியாது.

இங்க நாட்டிங்ஹாம் ஊர்ல 1981லயே ஆரம்பிச்சு ஒன்றரை லட்சம் பேரை வச்சுப் பார்த்தாங்களே, அந்தப் பழைய அட்டையிலயே குடல் புத்துநோய் சாவு 15 சதவீதம் குறைஞ்சதுன்னு 1996ல வந்துச்சு. வட கலிபோர்னியாவுல ஒரு பெரிய மருத்துவ அமைப்பு டெஸ்ட் பண்ண வேண்டியவங்க வீட்டுக்கெல்லாம் கிட் அனுப்பி, விடாம நினைவுபடுத்தி, டெஸ்ட் பண்ணவங்களை 39 சதவீதத்துல இருந்து 83க்குக் கொண்டுவந்தாங்க, 2000 டூ 2015ல குடல் புத்துநோய் சாவு பாதிக்கு மேல குறைஞ்சுது. ஜனங்க பண்ணாத்தானே சார் நம்பர் இறங்கும்? பண்ண விடாம தடுக்க உங்க தலைப்பு ஒண்ணு போதுமே.

இதுல முதல் தடவையும் இல்ல. குடலைக் கழுவுற கஷாயம்னு ஒரு முழுப்பக்கம் போட்டீங்க, புத்துநோயே அண்டாதுன்னு அதுல ஒரு வரி. அதுக்கு நான் எழுதின கடிதம் வரல. அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதினேன், நாலு வரியா வெட்டிப் போட்டீங்க, மாமா பத்தின பகுதியே இல்ல. இருபது வருஷமா காசு குடுத்து வாங்குறவ, என்னை ஒரு வாசகியா மதிச்சிருந்தா அப்படி வெட்டியிருக்க மாட்டீங்கன்னு மனசு சங்கடப்பட்டுச்சு, ஆனா வாங்கறத நிறுத்தல.

நான் கேக்கறது இவ்வளவுதான். அந்தத் தலைப்பு வந்த அதே பக்கத்துல, அதே சைஸ்ல, அந்த 42 பேர் கணக்கைப் போடுங்க. கூட ஒரு சின்ன பாக்ஸ்: இங்கிலாந்துல 50ல இருந்து 74 வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிட் வீட்டுக்கே வரும், காசு இல்ல, பிரிச்சுப் பண்ணுங்கன்னு. இதை எழுதறதுக்கு முன்னாடிதான் சித்தி பையனுக்கு போன் போட்டேன், இன்னும் பிரிக்கலயாம். அடுத்த இதழ் வரட்டும், பார்க்கலாம்க்கான்னு சொல்றான்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாம் வாசகி, லண்டன்