சாட்சிக் கையெழுத்து: மதுரை மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களிடம் நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளுக்கு ஒப்புதல் வழங்கும் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் திருமங்கலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2022ஆம் ஆண்டு எனக்கு மாரடைப்பு வந்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்புவதற்கு முந்தின நாள் மாலை ஓர் இளம் ஊழியர் என் கட்டிலருகே வந்து, "சார், நீங்க படிச்சவங்கதானே, ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சேடபட்டிப் பக்கத்து விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய கட்டைவிரல் ரேகை ஏற்கெனவே தாளில் பதிந்து மையும் காய்ந்திருந்தது. நான் கையெழுத்திட்டேன். ஊழியர் போன பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "அதுல என்ன சார் போட்டிருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவரிடம் கொடுத்திருந்த பிரதியை வாங்கி அன்றிரவு முழுவதும் படித்தேன். கொழுப்பைக் குறைக்கும் புதிய ஊசி ஒன்றைப் பற்றிய ஆய்வில் சேர்வதற்கான ஒப்புதல் படிவம் அது. ஊர் திரும்பிய பிறகுதான் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளைத் தேடிப் பார்த்தேன். படிக்கத் தெரியாத ஒருவரிடம் ஒப்புதல் பெறும்போது, எந்தப் பக்கமும் சாராத சாட்சி ஒருவர் அந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து முடியும்வரை உடனிருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. நான் ஒரு நிமிடம்கூட உடனிருக்கவில்லை. எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்ததாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அந்தக் குற்றத்தில் என் பங்கை ஒப்புக்கொண்டுதான் இம்மடலை எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தின் தமிழைப் பற்றிச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். "நீங்கள் சீரற்ற முறையில் இரு குழுக்களில் ஒன்றில் ஒதுக்கப்படுவீர்கள்" என்று அதில் இருந்தது. சீரற்றது என்றால் எங்கள் பக்கத்தில் தாறுமாறானது, ஒழுங்கில்லாதது என்றே கொள்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது: யாருக்கு எந்த ஊசி என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் செல்வாக்குக்கோ விடாமல் குலுக்கலுக்கு விடுவதில்தான் ஆய்வின் நேர்மையே இருக்கிறது. "சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலக் கணினி முடிவு செய்யும், உங்களுக்கு எது விழுந்தது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது" என்று எழுதியிருந்தால், ஊரில் குலுக்கல் சீட்டுக் கட்டும் எந்தப் பெண்ணுக்கும் உடனே விளங்கியிருக்கும். அடுத்த பக்கத்தில் "மருந்துப்போலி" என்று ஒரு சொல். படிக்கும் எனக்கு அது ஒரு கலைச்சொல். கேட்கும் அந்த விவசாயிக்கு அது போலி மருந்து. மருந்து இல்லாத, பார்வைக்கு அதே போன்ற ஊசி என்று சொல்வதில் என்ன தடை? இரண்டு பிரிவினருக்கும் வழக்கமான மாத்திரைகள் நிற்காமல் தொடரும் என்ற செய்தியைத்தான் அவர் முதலில் கேட்க விரும்பியிருப்பார். அது பதினோராம் பக்கத்தில் இருந்தது.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். மாரடைப்பு என்ற ஐயத்தோடு மருத்துவமனைக்கு வந்த 17,187 பேர் பங்கேற்று 1988இல் முடிவுகள் வெளியான ஆய்வில், ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததாலேயே இதய, ரத்தக்குழாய்ச் சாவுகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதலில் தரும் மாத்திரைகளில் ஆஸ்பிரினும் ஒன்று. அது அந்த முகம் தெரியாத மனிதர்கள் நமக்குத் தந்தது. இந்தியாவும் சேர்ந்து 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு, மாரடைப்பு நேரத்தில் அல்லாமல், நாட்பட்ட நிலையான அடைப்போடு இருப்பவர்களுக்கு, தொடக்கத்திலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்வதால் சாவோ மாரடைப்போ குறையவில்லை என்று காட்டியது. நெஞ்சுவலி அடிக்கடி வருபவர்களுக்கு வலி குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியது. நகையை அடகு வைத்து ஸ்டென்டுக்குப் பணம் கட்டும் குடும்பங்கள் உள்ள ஊரில் இது எத்தனை பெரிய செய்தி! தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் வழியே தெரியவந்தது. ஆகவே நம் மக்கள் ஆய்வுகளில் இருக்க வேண்டும். விவரம் தெரிந்து அவற்றில் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் 31 ஆண்டுகள் வகுப்பெடுத்தவன். பாடம் நடத்திவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிந்தது ஐயா" என்று சொல்லும், "நீ எழுந்து சொல்" என்றால்தான் உண்மை வெளிப்படும். படிவத்துக்கு ஒப்புதல் தருமுன், புறநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் ஐந்து பேரிடம், உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வந்தவர்களிடம், அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுக்கி நிற்கும் இடம் எதுவோ அதைத் திருத்துங்கள். விதிகளின்படி உங்கள் குழுவில் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவர் இருக்கிறார். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

அவசரமில்லாத ஆய்வுகளில் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஓரிரு நாள் கொடுங்கள். "மகனைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஒரு பெண் சொன்னால் அது அவர் எடுக்கும் அவகாசம். ஆனால் மகனை அழைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை விட்டுவிடுவது ஒப்புதல் ஆகாது. மறுபரிசோதனைக்கு வரும் நாளில் பேருந்துக் கட்டணம் தருகிறார்கள், அன்றைய கூலி போய்விடுகிறது. அதையும் கணக்கில் எடுங்கள்.

ஆய்வு முடிந்ததும் முடிவை ஒரு பக்கத் தமிழில் பங்கேற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒப்புதலிலேயே நிபந்தனை வையுங்கள். அந்த விவசாயிக்கு எந்த ஊசி விழுந்தது, அது பயன் தந்ததா என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. போன மாதம் திருமங்கலம் சந்தையில் பார்த்தபோது அவர் என்னிடம்தான் மறுபடியும் கேட்டார்.

உங்களில் எந்தக் குழுவாவது தங்கள் படிவத்தைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று நினைத்தால், நான் ஊதியம் எதுவும் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறேன். வார நாளில் எந்த நாளானாலும் சரி. பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கும் செவ்வாய் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் இதய நோயாளி வார்டுவாசி,
திருமங்கலம்