ஞாயிறு ஓவியப் பேச்சு: காரோலப் பிள்ளைகள்

நண்பர்களே, வணக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் காரோலப் குடியிருப்புப் பிள்ளைகளின் ஓவியங்களைப் பார்க்கப்போகிறோம். நூங்கார் பழங்குடிச் சிறுவர்கள். பலரை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்திருந்தது. 1946இல் வந்த ஆசிரியர் நோயல் வைட் வரைய ஊக்கம் கொடுத்தார். அவர்கள் வரைந்தது என்ன தெரியுமா? தங்கள் மண்ணின் மரங்கள், கங்காரு, அந்திவானம். அந்தச் செம்மஞ்சள் வானத்தைவிட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கடல்தாண்டிப் போய், அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2004இல் அடையாளம் தெரிந்து, 2013இல் பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்கு, நூங்கார் மண்ணுக்கே திரும்பின.

முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள். வர இயலாதவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.