சட்டைக்கையில் ஒரு நாடு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, உன் ரத்த அழுத்தம் ஒரு கட்டுக்குள் வந்துவிட்டது, உன் கால்பந்து கிளப் அர்செனல் ருவாண்டாவைக் கைகழுவிவிட்டது என்று மூன்று செய்திகளை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். முதல் இரண்டுக்கும் மனமார்ந்த மகிழ்ச்சி. மூன்றாவதில்தான் எனக்கு உன்னோடு கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

கைகழுவியது யார், கழுவப்பட்டது யார்? 2025 நவம்பரில் வந்த அறிவிப்பை நானும் படித்தேன். அர்செனல் ஜெர்சியின் கையில் ‘ருவாண்டாவுக்கு வாருங்கள்’ என்று போடும் விளம்பர ஒப்பந்தம் 2026 ஜூனோடு முடிகிறது, இரு தரப்பும் பேசி எடுத்த முடிவு என்று சுமுகமாகவே சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே ருவாண்டா லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணியோடும் ராம்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியோடும் கையெழுத்திட்டுவிட்டது. அதே செப்டம்பரில் உலகச் சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் நடந்தது. ஆப்பிரிக்க மண்ணில் அதுதான் முதல் முறை. அந்த விளம்பரத்தை எதிர்த்து உங்கள் ரசிகர்கள் போராடியதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் கிகாலி இதனால் கலங்கிப் போயிருக்கும் என்று நினைக்காதே. அதன் கணக்கில் இந்தக் கடையில் வாங்க வேண்டியது வாங்கியாகிவிட்டது, அவ்வளவுதான்.

என்ன வாங்கினார்கள் என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றுலாப் பயணிகளை என்று நீ சொல்வாய். 2018 மே மாதம் அந்த ஒப்பந்தம் வந்தபோது ருவாண்டா வளர்ச்சி வாரியமும் அதைத்தான் சொன்னது. மூன்று ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 3 கோடி பவுண்டு. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் சில எம்.பி.க்கள், நம் உதவிப் பணத்தில் வாழும் நாடு பணக்காரக் கிளப்புக்குக் காசு கொடுக்கிறதே என்று கொதித்தார்கள். அர்செனல் ஜெர்சி உலகம் முழுவதும் ஒரு நாளைக்கு 3.5 கோடி முறை கண்ணில் படுகிறது என்பது வாரியத்தின் பதில்.

அந்த வாதத்தில் பாதி எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது. 1994க்குப் பிறகு ருவாண்டா என்ற பெயரைக் கேட்டால் எவருக்கும் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது: நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டது. அந்தப் பெயரோடு இன்னொன்றும் சேர்ந்து நினைவுக்கு வரட்டும் என்று ஒரு நாடு ஆசைப்படுவது குற்றமா? அந்த உதவிப் பணக் கொதிப்பிலும் எனக்கு ஒரு மேட்டிமை வாடை அடித்தது. ஏழை நாடு விளம்பரம் செய்தால் ஊதாரித்தனம், பணக்கார நாடு செய்தால் முதலீடு!

மீதிப் பாதியில்தான் இடறுகிறது. ருவாண்டாவின் பெயர்பெற்ற சரக்கு மலைக் கொரில்லா. எரிமலைத் தேசியப் பூங்காவில் மூங்கில் காட்டுக்குள் ஏறி ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க 2017 முதல் தலைக்கு 1,500 டாலர் அனுமதிக் கட்டணம். அதற்கு முன்பு அதில் பாதிதான். ஒரு குழுவில் அதிகபட்சம் எட்டு பேர். எதிரே உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். கூட்டம் குறைவு, கட்டணம் அதிகம் என்பது தெரிந்தே வகுத்த கொள்கை. பூங்கா வருவாயில் பத்து சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது, வேட்டை குறைந்திருக்கிறது, கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நல்ல கொள்கை, நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ரகு, ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலர் கொடுக்கக்கூடியவர்களைத் தேட, மதுக்கடை டிவியில் ஆட்டம் பார்க்கும் கோடிக்கணக்கானவர்களிடமா போவார்கள்? பணக்காரப் பயணிகளைப் பிடிக்கப் பயண முகவர்களும் பத்திரிகைகளும் போதுமே. குறைந்த பேர் வந்தால் போதும் என்று இருக்கும் சரக்குக்கு உலகம் முழுவதும் பறையடிப்பது கணக்கில் இடிக்கிறது.

ஆக, அந்தச் சட்டைக்கை கொரில்லாவை விற்பதற்காக மட்டும் அல்ல என்பது என் எண்ணம். முதலீட்டாளர், மாநாடு நடத்துபவர், அமைச்சர், தூதர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கும் வாக்காளர் என்று எல்லோர் காதிலும் அந்தப் பெயர் பழகிப் போக வேண்டும். பழகிய பெயர் மேல் சந்தேகம் எழ நேரமாகும். ருவாண்டா அதிபர் பால் ககாமே 2024 தேர்தலில் 99 சதவீத வாக்கு வாங்கினார். வேறு எந்த நாட்டில் நடந்திருந்தாலும் நீயும் நானும் அன்று முழுவதும் சிரித்திருப்போம். அவரை நீ எனக்கு எப்படி அறிமுகப்படுத்தினாய், நினைவிருக்கிறதா? 2021இல் பிரென்ட்ஃபோர்டிடம் தோற்றபோது அர்செனலை இணையத்தில் வெளுத்து வாங்கிய ரசிகராக! உனக்கு அவர் சக ரசிகர். இந்த ஒட்டுறவை எந்தத் தூதரகமும் சம்பாதித்துக் கொடுக்க முடியாது.

இதில் இன்னொரு வேடிக்கை. உன் கிளப்பின் சட்டைக்கை அந்த நாட்டுக்கு வரச் சொல்லி அழைத்த அதே காலத்தில்தான் உங்கள் பிரிட்டிஷ் அரசாங்கம் அடைக்கலம் கேட்டு வந்தவர்களை அதே நாட்டுக்கு விமானம் ஏற்ற முயன்றது. 2023 நவம்பரில் உங்கள் உச்ச நீதிமன்றம், அவர்களுக்கு அது பாதுகாப்பான இடம் இல்லை என்று சொல்லித் திட்டத்தையே சட்டவிரோதம் என்றது. அந்த வாரமும் சட்டைக்கை மாறவில்லை.

2025 ஜனவரி இறுதியில் பக்கத்து நாடான காங்கோவின் கோமா நகரம் விழுந்தது. வரைபடத்தை எடுத்துப் பார். கிவு ஏரிக்கரையில் கோமாவும் ருவாண்டாவின் கிசெனியும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். நடந்தே எல்லையைத் தாண்டிச் சந்தைக்குப் போய் வருவார்கள். அந்த ஊரை எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது; அடுத்த மாதம் புகாவு நகரமும் போனது. எம்23 படையோடு ருவாண்டாவின் மூவாயிரம் நாலாயிரம் வீரர்கள் சேர்ந்து நிற்கிறார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2024இலேயே எழுதியிருந்தது. ருவாண்டா இதை மறுக்கிறது. 1994இல் கொலை செய்தவர்களின் மிச்சம் எல்லைக்கு அப்பால் ஆயுதத்தோடு இருக்கிறது, எங்களைக் காத்துக்கொள்கிறோம் என்கிறது. அந்த மிச்சம் இருப்பதும் உண்மைதான். அதற்காக ஒரு நகரத்தைப் பிடிக்கலாமா என்பது வேறு கேள்வி.

காங்கோவின் வெளியுறவு அமைச்சர் தெரேஸ் கயிக்வம்பா வாக்னர், ருவாண்டா விளம்பரம் சுமந்த அர்செனல், ஜெர்மனியின் பேயர்ன் முனிச், பாரிஸின் பிஎஸ்ஜி ஆகிய மூன்று கிளப்புகளுக்கும் கடிதம் எழுதினார். இந்த ரத்தக்கறை படிந்த ஒப்பந்தத்தை முறியுங்கள் என்று கேட்டார். நடந்ததைப் பார். பிஎஸ்ஜி ஏப்ரலில் ஒப்பந்தத்தை 2028 வரை நீட்டித்தது. அதே ஏப்ரலில் அத்லெட்டிகோ மாட்ரிட் புதிதாக வந்து சேர்ந்துகொண்டது. பேயர்ன் ஆகஸ்டில் விளம்பரத்தை விட்டுவிட்டு, கிகாலியில் இளம் வீரர்களுக்குப் பயிற்சி தருவதாக ஒப்பந்தத்தின் உருவை மட்டும் மாற்றியது. அந்தப் பேயர்னின் கதை தனி. ரசிகர்கள் பல வருடம் மல்லுக்கட்டிய கத்தார் ஏர்வேஸ் ஒப்பந்தம் 2023 ஜூனில் முடிந்தது. ஆகஸ்டில் ருவாண்டா வந்து உட்கார்ந்தது. ரசிகர்கள் மறுபடி பேனரைத் தூக்க வேண்டியதாயிற்று, பாவம்.

அந்த ஏப்ரல் இறுதியில்தானே சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு பிஎஸ்ஜி உன் மைதானத்துக்கு வந்தது? இரண்டு அணிகளுக்கும் ஒரே சுற்றுலா வாரியம் பங்காளி. யார் இறுதிக்குப் போனாலும் ருவாண்டாவுக்கு வெற்றி. ‘கன்னர்ஸ் ஃபார் பீஸ்’ என்ற உங்கள் ரசிகர் கூட்டம் சட்டைக்கையை மறைக்கக் கைப்பட்டை கொடுத்ததும், அதற்குப் பதில் ‘டோட்டன்ஹாமுக்கு வாருங்கள்’ என்று எழுதினாலும் பரவாயில்லை என்று விளம்பரம் செய்ததும் அப்போதுதான். ஓர் அர்செனல் ரசிகன் பரம எதிரி டோட்டன்ஹாமை விளம்பரம் செய்யத் துணிந்தான் என்றால் வயிறு எவ்வளவு எரிந்திருக்கும்!

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதன் அடுத்த பகுதி. கடிதம் எழுதிக் களைத்துப்போன காங்கோ என்ன செய்தது? 2025 கோடையில் ஏசி மிலான், மொனாக்கோ, பார்சிலோனா என்று கால்பந்து கிளப்புகளோடு வரிசையாகத் தானும் விளம்பர ஒப்பந்தம் போட்டது. பார்சிலோனாவுக்கு மட்டும் நான்கு ஆண்டுகளில் 4 கோடி யூரோவுக்கு மேல். பயிற்சி ஜெர்சியின் முதுகில் ‘காங்கோ, ஆப்பிரிக்காவின் இதயம்’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. கிழக்கே இரண்டு பெரிய நகரங்கள் கையில் இல்லை. கோமா விமான நிலையம் மூடிக் கிடந்தது. அதே மலைக் கொரில்லாக்கள் எல்லைக்குக் காங்கோ பக்கம் விருங்கா பூங்காவிலும் இருக்கின்றன; போய்ப் பார்க்க அப்போது வழி இல்லை. அந்த நிலையில் சுற்றுலா விளம்பரம்! சொந்த மக்களே எதிர்த்துக் கேட்டார்கள்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த அமைச்சர்களின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். வேறு என்ன செய்வார்கள்? எதிரி அந்தச் சட்டையில் ஏழு வருடமாக இருக்கிறான், உலகம் அவனைத் தெரிந்துவைத்திருக்கிறது. முறையிட்டால் ஒரு பதிலறிக்கை வருகிறது. காசு கொடுத்தால் முதுகில் இடம் கிடைக்கிறது. ஒருவனுடைய பூட்டையும் இன்னொருவனுடைய சாவியையும் ஒரே கடைக்காரன் விற்கிற கதை. விளையாட்டை வைத்துக் கறை கழுவுவதை ஸ்போர்ட்ஸ்வாஷிங் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் அந்த அரசைத் திட்டுகிறார்கள், இந்த இளவரசரைத் திட்டுகிறார்கள். கடைக்காரனை யாரும் அதே சூட்டோடு கேட்பதில்லை. நான் கிளப்பைத்தான் முதலில் கேட்பேன். 2006இல் பார்சிலோனா சட்டையில் யுனிசெஃப் பெயரைப் போட்டுக்கொண்டு, அதற்குத் தானே யுனிசெஃபுக்குப் பணமும் கொடுத்தது. ஐந்தே வருடத்தில் அந்த இடத்துக்குக் கத்தார் அறக்கட்டளை வந்தது, 2013இல் கத்தார் ஏர்வேஸ். விற்கமாட்டோம் என்ற இடத்துக்குத்தான் விலை அதிகம் போலிருக்கிறது.

அத்லெட்டிகோவும் பழைய கை. 2014 லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவர்கள் நெஞ்சில் ‘அஜர்பைஜான், நெருப்பின் நிலம்’ என்று இருந்தது. எதிரே ரியல் மாட்ரிட் நெஞ்சில் எமிரேட்ஸ். ராமோஸ் கடைசி நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் ஐரோப்பிய விளையாட்டுப் போட்டி வரவிருந்தது. அதையொட்டி மனித உரிமைப் பிரசாரத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த ரசூல் ஜாஃபரோவை அந்த ஆகஸ்டில் சிறையில் தள்ளினார்கள். பிறகு 2019இல் யூரோப்பா லீக் இறுதி பாகுவில். உன் அணி ஆடியது. உன் அணியின் மிகிதாரியன் போகவில்லை. அஜர்பைஜானோடு பகையில் இருந்த ஆர்மீனியாவைச் சேர்ந்தவர் என்பதால் பாதுகாப்பைப் பற்றிய அச்சம். ஒரு வீரர் வர முடியாத ஊரில் அவருடைய அணியின் இறுதி ஆட்டத்தை நடத்தினார்கள். செல்சியிடம் 4-1 என்று உதை வாங்கியதைத்தான் நீ அன்று எனக்கு நான்கு பக்கம் எழுதினாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அர்செனல் சட்டையின் நெஞ்சில் 2006 முதல் துபாய் அரசின் விமானக் கம்பெனியான எமிரேட்ஸ், மைதானத்துக்கும் அதே பெயர். அதை விட்டுவிட்டு ஏழை ருவாண்டாவின் சட்டைக்கையை மட்டும் ஏன் பிடித்து இழுக்கிறீர்கள் என்கிறாய். பதில் சொல்ல முடியாத கேள்வி என்று ஒப்புக்கொள்கிறேன். எமிரேட்ஸ் வந்து இத்தனை காலமாகிவிட்டதால் அது ஒரு நாட்டின் பெயர் என்பதே நமக்கு மறந்துவிட்டது. சவுதி இளவரசர் முகமது பின் சல்மான் 2023இல் ஒரு பேட்டியில் மறைக்கவே இல்லை: ஸ்போர்ட்ஸ்வாஷிங் என் நாட்டு உற்பத்தியை ஒரு சதவீதம் கூட்டுமானால் தொடர்ந்து செய்வேன் என்றார். அடுத்த ஆண்டே 2034 உலகக் கோப்பை அவர் கைக்குப் போனது. பிரீமியர் லீகில் கிளப்பை வாங்குகிறவருக்காவது மனித உரிமை பற்றி ஒரு சோதனை 2023 முதல் இருக்கிறது. நெஞ்சையும் கையையும் வாங்குகிறவருக்கு அதுவும் இல்லை. ஆனால் பெரிய திருடன் அகப்படவில்லை என்பதற்காகச் சின்னவனை விடு என்று நீ சொல்ல மாட்டாய் என்று நம்புகிறேன்.

சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். இத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய இடத்தை விட்டால் அடுத்த நாளே வேறொருவர் வந்து உட்காருவார். கிளப்புக்கு வித்தியாசமே தெரியாது. உள்ளே இருந்தால் ரசிகர் கூட்டங்களில் எழுந்து ஒரு கேள்வியாவது கேட்கலாம்: அடுத்த சட்டைக்கையை யாருக்கு விற்கப் போகிறீர்கள், அதை யார் சரிபார்த்தார்கள் என்று. கேட்டுவிட்டு என்ன பதில் சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதி அனுப்பு, உன் மசாலாவைச் சேர்க்காமல்.

எனக்கு இங்கே பெரிதாக விசேஷம் எதுவும் இல்லை. கண் கண்ணாடியை மாற்றியிருக்கிறேன், இரவு ஆட்டங்களில் ஸ்கோர் இப்போது தெளிவாகத் தெரிகிறது. மகளின் அலுவலகம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், சேர்ந்தவுடனே இரவு ஷிஃப்டா என்றெல்லாம் நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. மாத்திரையை மறக்காதே, முக்கியமாக ஆட்டம் இருக்கும் நாட்களில்.

அன்புடன்,
சிவா