ஆண்டறிக்கை 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல் நடந்தது. கண் பரிசோதனை முகாமும் நடந்தது. செயற்குழுக் கூட்டங்கள் பல, கோரம் இல்லாமல் தேநீரோடு முடிந்தன.

ஞாயிறு வேதியியல் வகுப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வாங்கியது வீண் செலவு என்று நமது வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு அணுவைப் பற்றிச் சொல்லித்தரக் கரும்பலகை போதாதா என்றும் கேட்டார்கள். எழுதியவர்கள் யாரும் வகுப்புப் பக்கம் தலைகாட்டியதில்லை.

போதாது. பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற அணுக்கொள்கையை 1808-இல் நூலாக வெளியிட்ட ஆங்கில வேதியியலாளர் டால்டன் ஓர் அணுவையும் கண்ணால் பார்த்தவர் இல்லை. எந்தத் தனிமம் எந்தத் தனிமத்தோடு என்ன எடை விகிதத்தில் சேர்கிறது என்று பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார். அவருக்கு முன்பே பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் மூடிய கலத்தில் பொருள்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் எடை போட்டு, மொத்த எடை மாறவில்லை என்று காட்டிவிட்டார். தராசு இல்லாமல் இந்தப் பாடம் வெறும் மனப்பாடம்.

வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைப் போட்டோம். உப்பு காணாமல் போய்விட்டது என்றார்கள் பிள்ளைகள். தராசு 110 என்றது. கரைசலை வற்றவைத்ததும் உப்பு திரும்பி வந்தது. அது இயற்பியல் மாற்றம். அடுத்து மெல்லிய இரும்பு நாரை (பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான ஸ்க்ரப்பர் இதற்கு ஆகாது, ஹார்டுவேர் கடையில் கேட்க வேண்டும்) தட்டோடு எடை போட்டுக் கொளுத்தினோம். எரிந்தால் எடை குறையும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். கூடியது. காற்றிலிருந்த ஆக்சிஜன் அணுக்கள் இரும்போடு சேர்ந்துகொண்டன. அதிலிருந்து பழைய இரும்பு நாரை வற்றவைத்தெல்லாம் எடுக்க முடியாது. விறகு எரிந்தால் சாம்பல் லேசாக இருக்கிறதே என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மடக்கினாள். அதற்கு விடையாக வினிகரையும் 2 கிராம் ஆப்ப சோடாவையும் திறந்த குவளையில் கலந்து காட்டினோம்: நுரைத்தது, ஏறக்குறைய ஒரு கிராம் குறைந்தது. அதையே சோடா பாட்டிலில் இறுக மூடிச் செய்தபோது எண் அசையவில்லை. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று இறங்கியது. போனது கார்பன் டைஆக்சைடு. விறகிலும் அதுவும் நீராவியும்தான் புகையோடு போகின்றன.

அளவுசாடியில் பிறைதளத்தின் (தண்ணீரின் வளைந்த மேற்பரப்பின்) அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்கவும் பழக்கினோம். 18 கிராம் தண்ணீரைத் தராசில் எடை போட்டு, இதில் ஏறத்தாழ 6.022 × 10²³ மூலக்கூறுகள் இருக்கின்றன என்றபோது யாரும் பேசவில்லை. அந்த எண்ணை வைத்தே மோலுக்கு (அணு, மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வழங்கும் அலகுக்கு) இலக்கணம் வகுத்தது 2019 மே 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே நாளில்தான், 1889 முதல் பிரான்சில் பூட்டிப் பாதுகாத்த பிளாட்டினம்–இரிடியம் உருளை கிலோகிராமுக்கு அளவாக இருந்த காலமும் முடிந்தது. தராசைச் சரிபார்க்க நாம் வைத்திருக்கும் 100 கிராம் எடைக்கல்லோ கேரம் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைக்கப்பட்டிருந்தது. கேரம் ஆட வருகிறவர்கள் அதைத் தயவுசெய்து தொட வேண்டாம். கைப்பிசுக்கு ஒட்டினால் எடை மாறும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவுக்குள் செலவு அடங்கியது, சிறு இருப்பு உண்டு, சில ரசீதுகள் வர வேண்டியிருக்கிறது. சந்தா நிலுவை அந்த இருப்பைவிடப் பெரியது. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். தராசு வீண் செலவு என்று எழுதிய கைகளில் சில அந்தப் பட்டியலிலும் உண்டு.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், மைக்செட் உதவிய அன்பருக்கும், கூட்டத்துக்கு வந்த செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அமிலம், காரம் பாடம் தொடங்க எண்ணம். லிட்மஸ் தாளும் பாதுகாப்புக் கண்ணாடிகளும் வேண்டும். கண்ணாடி இல்லாமல் அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன். செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார். வகுப்பை நிறுத்துவதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். சந்தா ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகும் இருக்கும்.

இவண்,
செயலாளர்