வேகமும் இடமும் வேண்டுவோர் வேகனைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் அண்மையில் வெளிவந்த, சொகுசு எஸ்யூவிகளை ஒப்பிடும் கட்டுரையை இணையப் பதிப்பில் படித்தேன். எஞ்சின், விலை, உள்வசதிகள் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்துரைத்த அக்கட்டுரை, ஓட்டுவதற்கும் விறுவிறுப்பாக இருக்க வேண்டும், குடும்பத்தோடும் பெட்டி படுக்கையோடும் நெடுந்தூரம் செல்லவும் வேண்டும் என்று விரும்புவோருக்கு எஸ்யூவியை விட்டால் வேறு வழியில்லை என்னும் கருத்தோடு முடிந்திருந்தது. அந்த ஒரு கருத்தை மட்டும் மறுத்து எழுத அனுமதி வேண்டுகிறேன். வழி இருக்கிறது, அது தாழ்வான உடலும் பின்கோடி வரை நீண்ட கூரையும் கொண்ட ஸ்டேஷன் வேகன். நான் குடும்பத்துடன் வசிக்கும் மியூனிக் நகரில் அது அன்றாடக் காட்சி. தமிழ்நாட்டில் அது கண்ணில் படாததாலேயே பலரின் கணக்கில் வராமல் போகிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் கார் மாற்ற வேண்டிய காலம் வந்தபோது, நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவை ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்கள். ஒன்று பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ என்னும் எஸ்யூவி. மற்றொன்று அதே நிறுவனத்தின் எம்340ஐ டூரிங் என்னும் வேகன். இரண்டிலும் இருப்பது 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். இரண்டிலும் எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. இரண்டின் நீளமும் ஏறத்தாழ 4.7 மீட்டர்தான். வேகனின் டிக்கி 500 லிட்டர், எஸ்யூவியின் டிக்கி 550 லிட்டர். பின்னிருக்கைகளை மடக்கினால் வேகனில் 1,510 லிட்டரும் எஸ்யூவியில் 1,600 லிட்டரும் கிடைக்கின்றன. எஸ்யூவி ஏறத்தாழ 20 செ.மீ. கூடுதல் உயரமும் நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடையும் உடையது. அவ்வளவு உயரத்தையும் எடையையும் நாள்தோறும் சுமந்து திரிவதற்குக் கைமாறாக டிக்கியில் கிடைப்பது ஒரு கைப்பெட்டி கொள்ளும் இடம். இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகு எங்களுக்கு முடிவெடுப்பது கடினமாக இல்லை.

இடம் என்பதை லிட்டரில் மட்டும் அளப்பதிலும் ஒரு குறை இருக்கிறது. எஸ்யூவியின் கூடுதல் லிட்டர்களில் ஒரு பகுதி கூரையை ஒட்டிய உயரத்தில் கிடைப்பது. பொருள்களைக் கூரை வரை அடுக்கினால் பின்கண்ணாடி மறையும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது மேலே இருப்பது முன்னிருப்பவர்களின் தலைக்கு வரும். வேகனில் இடம் தரையோடு நீண்டு கிடக்கிறது. என் மகள் வீணை கற்கிறாள். எங்கள் காரின் பின்னிருக்கை முதுகுகள் 40:20:40 என்று மூன்றாகப் பிரிந்து மடங்குவதால், நடுத்துண்டை மட்டும் சாய்த்துவிட்டு, கம்பளியில் பொதிந்த வீணைக் குடத்தை டிக்கித் தரையில் கிடத்தினால், தண்டி அந்த இடைவெளி வழியாக நீண்டு, யாளி முகம் பிள்ளைகள் இருவருக்கும் நடுவே வந்து நிற்கிறது. இருவரும் தத்தம் இருக்கையில் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்க, வீணையும் அசையாமல் வருகிறது. டிக்கியின் விளிம்பு என் முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது என்பதால், கனமான பொருளை நெஞ்சு வரை தூக்காமல் உள்ளே தள்ளிவிடலாம். பின்கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கும். நெருக்கமான நிறுத்துமிடத்தில் காய்கறிப் பையை வைக்க முழுக் கதவையும் தூக்க வேண்டியதில்லை. இவை சிறிய வசதிகள்தாம். ஆனால் குடும்பக் கார் என்பது இத்தகைய சிறிய வசதிகளால் ஆனது.

இனி ஓட்டுவதைப் பற்றி. ஒரு கார் வளைவில் திரும்பும்போது அதன் எடை வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சரிகிறது. எவ்வளவு சரிகிறது என்பதைக் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும், இடவலச் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன. உயரமான காரை வளைவில் நிமிர்ந்து நிற்க வைக்க இறுக்கமான ஸ்பிரிங், உடல் பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார், அகலமான டயர், பெரிய பிரேக் என்று ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவை ஒவ்வொன்றும் எடையைக் கூட்டுகின்றன; கூடிய எடையை அடக்க மேலும் சில வேண்டியிருக்கின்றன. இறுக்கமான ஸ்பிரிங்கின் விலையைப் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் முதுகு செலுத்துகிறது.

இதைத் தெளிவாகக் காண ஆடி நிறுவனத்தின் இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளலாம். 2019-இல் அறிமுகமான ஆர்எஸ்6 அவாந்த் என்னும் வேகனிலும், அதே ஆண்டு அறிமுகமான ஆர்எஸ் க்யூ8 என்னும் எஸ்யூவியிலும் 4 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 இரட்டை டர்போ எஞ்சின் இருக்கிறது. இரண்டிலும் 600 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. வேகனின் எடை 2,075 கிலோ. எஸ்யூவியின் எடை 2,315 கிலோ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட வேகனுக்கு 3.6 நொடி, எஸ்யூவிக்கு 3.8 நொடி என்று நிறுவனமே கூறுகிறது. ஆர்எஸ் க்யூ8 வியக்கத்தக்க பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. நியூர்பர்க்ரிங் பந்தயச் சாலையில் எஸ்யூவிகளுக்கான சாதனை நேரத்தை 2019-இல் பதித்த கார் அது. ஆனால் அச்சாதனைக்காக 48 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சாய்வுத் தடுப்பு அமைப்பு வரை அதில் பொருத்த வேண்டியிருந்தது. தன் உயரம் தந்த குறையைத் தொழில்நுட்பத்தால் ஈடுசெய்யும் காரை விட, அந்தக் குறையே இல்லாத காரை நான் விரும்புகிறேன்.

வேகன் என்றால் மந்தமான கார் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. ஊருக்கு வந்திருந்தபோது என் காரின் படத்தைப் பார்த்த உறவினர் ஒருவர், ஆம்புலன்ஸ் போல இருக்கிறதே என்றார். அவர் மேல் வருத்தமில்லை. நம் சாலைகளில் அந்த வடிவத்தை அவர் கண்ட இடம் அதுதான். ஐரோப்பாவில் இதன் வரலாறு வேறு. 1994-இல் ஆடி நிறுவனம் போர்ஷே நிறுவனத்தோடு சேர்ந்து ஆர்எஸ்2 அவாந்த் என்னும் வேகனை உருவாக்கியது, 2.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினிலிருந்து 315 குதிரைத்திறன் தந்த அந்தக் காரின் பிரேக்குகள் போர்ஷே தந்தவை. அதே ஆண்டு பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ நிறுவனம் தன் 850 மாடலின் வேகன் வடிவத்தையே களமிறக்கியது. ரிக்கார்ட் ரைடெல், யான் லம்மர்ஸ் ஆகிய இருவரும் அதை ஓட்டினார்கள்.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வேகன் பிறந்த விதத்தையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அந்நிறுவனத்தில் பணியாற்றிய மாக்ஸ் ரைஸ்போக் என்பவருக்கு, வளரும் பிள்ளைகளோடும் சுமைகளோடும் விடுமுறைக்குச் செல்லத் தம் நிறுவனத்தின் செடான், அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீண்டிருக்கும் கார், போதவில்லை. 1984-இல் பின்புறம் விபத்தில் சேதமடைந்த ஒரு 323ஐ காரை வாங்கி, நண்பரின் பட்டறையில் மாதக்கணக்கில் உழைத்து, தகட்டை வெட்டி ஒட்டிக் கூரையைப் பின்னோக்கி நீட்டினார். அதைப் பார்த்த நிறுவனத் தலைமை அந்த வடிவத்தையே தயாரிப்புக்கு எடுத்துக்கொண்டு, 1987-இல் 3 சீரிஸ் டூரிங்கை உலகுக்குக் காட்டியது. குடும்பத் தேவையிலிருந்தே பிறந்த வடிவம் இது. ஓட்டும் இன்பத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒருவர் கையால் பிறந்தது.

இந்தியச் சாலைகளுக்கு வேகன் ஒத்துவராது என்று சொல்வோரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. வேகத்தடைகள் அளவின்றி எழுப்பப்படும் ஊரில், தாழ்வான காரின் அடிப்பாகம் உரசும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த கார்களின் படங்களை நானும் பார்த்தேன். தேங்கிய நீரைக் கடப்பதில் உயரமான காருக்கு ஓரளவு சாதகம் உண்டு. மூட்டுவலி உள்ள பெற்றோருக்கு இடுப்பு உயரத்தில் இருக்கும் இருக்கையில் அமர்ந்து எழுவது உண்மையிலேயே எளிது. நாள்தோறும் அவர்களை அழைத்துச் செல்லும் வீட்டில், அந்த ஒரு காரணமே எஸ்யூவியைத் தேர்ந்தெடுக்கப் போதும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதே சாலைகளில்தான் சொகுசு செடான்கள் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சென்னையை அடுத்த மறைமலை நகர் அருகே 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில், எங்கள் வேகனின் செடான் வடிவமான எம்340ஐ 2021 முதல் பாகங்கள் ஒன்றிணைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. வேகத்தடைகளைப் பொறுத்தவரை வேகனும் அதன் செடானும் ஒன்றே. அதற்கு மேலும் உயரம் வேண்டுமென்றால் அதற்கும் விடை இருக்கிறது. 1999-இல் வந்த ஆடி ஆல்ரோட், காற்று சஸ்பென்ஷன் மூலம் தன் கிரவுண்ட் கிளியரன்ஸை, அதாவது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை, 142 மி.மீ. முதல் 208 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளும் வேகன். 2017-இல் இந்தியாவுக்கே வந்த வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ.; எத்தனையோ எஸ்யூவிகளுக்கு இணையான உயரம்.

வேகன்கள் எல்லாமே எடை குறைந்தவை என்றும் நான் சொல்லமாட்டேன். 2024-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 டூரிங், ஹைப்ரிட் பேட்டரியின் சுமையால் 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. அத்தகைய காரை வேகன் என்பதற்காக மட்டும் பரிந்துரைக்க முடியாது.

காருக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல் எழுத வேண்டும். தங்கள் கட்டுரையில் அவர்களுக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் சாலை விபத்துகளை ஆராயும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் பாதசாரி மீது மோதும்போது, 30 அங்குலத்துக்கு மிகாத, சரிவான முகப்புள்ள வாகனங்களை விட மரணம் நேர 45 சதவீதம் அதிக வாய்ப்பு இருக்கிறது. எல்லா சொகுசு எஸ்யூவியும் 40 அங்குலத்தை எட்டுவதில்லை. எனினும் தாழ்ந்த முகப்பு காலில் மோதி ஆளை பானெட்டின் மேல் சாய்க்கிறது, உயர்ந்த முகப்பு இடுப்பிலும் நெஞ்சிலும் மோதுகிறது என்னும் அடிப்படை எங்கும் ஒன்றுதான். இரு சக்கர வாகனங்களும் நடந்து செல்வோரும் நிறைந்த நம் தெருக்களில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் காரின் பானெட்டுக்கு முன்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது ஆடம்பரக் கேள்வி ஆகாது. பாரிஸ் நகரில் 2024 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களுள் 54 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எடைமிக்க கார்களின் நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்க ஒப்புதல் அளித்தனர். அங்கே அளவுகோல் எடைதான். பெரிய வேகன்களும் அதில் அகப்படும். அது நியாயமே.

இந்தியாவில் விற்பனையான பயணியர் வாகனங்களில் 2023-24 நிதியாண்டில் ஏறத்தாழ 60 சதவீதம் எஸ்யூவி உள்ளிட்ட யுடிலிட்டி வகை வாகனங்கள். சிறிய கார்களின் விஷயத்தில் இதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். சொகுசுக் கார்களின் விஷயத்தில் வரி காரணமில்லை. முந்தைய ஜிஎஸ்டி முறையில் கூடுதல் தீர்வையான செஸ்ஸையும் சேர்த்துப் பெரிய செடானுக்கு 48 சதவீதமும் எஸ்யூவிக்கு 50 சதவீதமும் வரி இருந்தது; 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40 சதவீதம். ஆக, இது பழக்கத்தால் நேர்ந்தது. வாங்குவோர் கேட்பதில்லை என்று நிறுவனங்கள் கொண்டுவருவதில்லை; கொண்டுவராததால் வாங்குவோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. 1992-இல் டாடா எஸ்டேட், பின்னர் மாருதி பலேனோ அல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வந்த வேகன்கள் வரிசையாக மறைந்தன. ஆர்எஸ்6 அவாந்த் கூட 2015-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதன் அடுத்த தலைமுறை உருவானபோது, 2020-இல் வேகன் அல்லாத ஆர்எஸ்7-ம் ஆர்எஸ் க்யூ8-ம் மட்டும் இந்தியாவுக்கு வந்தன.

எனவே தங்கள் வாகனப் பகுதியின் ஆசிரியர் குழுவிடம் ஒரு வேண்டுகோள். சொகுசுக் கார்களை இனி ஒப்பிடும்போது, குதிரைத்திறனுக்கும் திரையின் அளவுக்கும் அருகிலேயே காரின் எடை, பானெட்டின் உயரம், டிக்கித் தரையின் நீளம், டிக்கி விளிம்பின் உயரம் ஆகியவற்றையும் அட்டவணையில் சேர்த்து வெளியிடுங்கள். மறைமலை நகர் அருகே தயாராகும் செடானின் வேகன் வடிவம் இந்தியாவில் ஏன் கிடைப்பதில்லை என்று பிஎம்டபிள்யூ நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் தரும் விடையையும் வாசகர்களுக்குத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மியூனிக், ஜெர்மனி