காதல் நாவலையும் மாயக்கதையையும் எப்படி எடை போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதல் நாவல்களும் மாயாஜால நாவல்களும் வெறும் பொழுதுபோக்கு, அவற்றில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று சிலர் எழுத, "பிடித்தவர்கள் படித்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கு என்ன?" என்று வேறு சிலர் பதில் எழுத, வாசகர் பக்கம் சில வாரங்களாகச் சூடாக இருக்கிறது. இரண்டு தரப்பும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: இந்த நாவல்களில் நல்லது எது, மட்டமானது எது என்று பார்க்கத் தேவையில்லை. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. துப்பறியும் கதையில் முக்கியமான துப்பை ஆசிரியர் ஒளித்து வைத்தால் வாசகர் ஏமாற்று வேலை என்கிறார். அப்படிச் சொல்லும் உரிமை காதல் கதை படிப்பவருக்கும் உண்டு.

"முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது" என்பது காதல் நாவல்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. தெரிய வேண்டியதுதான். கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும் என்பதுதான் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கமே இந்த வகைக்குக் கொடுத்த வரையறை. சேருவார்கள் என்று தெரிந்துதான் புத்தகத்தை வாங்குகிறோம். எது அவர்களைத் தடுக்கிறது, அதை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதில்தான் எழுதுபவரின் திறமை இருக்கிறது. எனவே பார்க்க வேண்டியது தடையை. சாதி, பணம், வெளியூர் வேலை என்று வெளியிலிருந்து வரும் தடை ஒன்று. பயம், வீம்பு, பழைய அவமானம் என்று உள்ளே இருப்பது இன்னொன்று. நல்ல நாவலில் வெளித்தடை சரியாக உள்தடையின் மேல் போய் விழும். அப்பாவின் கடனை அடைத்தே ஓய்ந்துபோன பெண்ணுக்குப் பணக்கார வரன் வந்தால், பணமே அவளுக்குப் பயமாகிறது. அங்கே கதை தானாக ஓடும்.

தடை போலியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இருவரையும் பத்து நிமிடம் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது தடையே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பாதி கேட்ட தொலைபேசிப் பேச்சு, யாரோ ஒட்டி வெட்டி அனுப்பிய புகைப்படம், அத்தை மகள் சொன்ன ஒரு பொய்: இவற்றை வைத்து இருபத்தைந்து அத்தியாயம் இழுக்கிறார்கள். ஊடல் உப்பின் அளவாக இருக்க வேண்டும், கொஞ்சம் மிஞ்சினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். நம் தொடர் எழுத்தாளர்கள் மூட்டையையே கவிழ்க்கிறார்கள்.

இழுப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு மட்டும் என்று நினைக்கக் கூடாது. காசு வரும் வழி அப்படி இருக்கிறது. இணையத்தில் தொடராக எழுதும்போது ஒரு அத்தியாயம் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு சொற்கள். "அடுத்த யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) எப்போ?" என்று வாசகிகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆகவே ஒவ்வொரு யூடியும் அடுத்து என்ன என்று ஏங்கவைக்கும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும். முடிந்த நாவல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்குப் போகிறது. அங்கே சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில், 2015 ஜூலையிலிருந்து, வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்குத்தான் பணம். கடைசிவரை படிக்கப்பட்டால் 400 பக்க நாவல் 200 பக்க நாவலைப்போல் இரு மடங்கு தரும். இந்த நிலையில் எந்த எழுத்தாளர் தன் கையால் ஒரு பத்தியை வெட்டுவார்?

அப்படியே அது அச்சுக்கும் வந்துவிடுவதுதான் கொடுமை. தொடரை நூலாக்கும்போது வெட்ட வேண்டியவை ஏறக்குறைய எல்லா நாவல்களிலும் ஒன்றேதான். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் வரும் முன்கதைச் சுருக்கம் போக வேண்டும். ஒரே காட்சியை முதலில் அவன் பார்வையிலும் அடுத்த அத்தியாயத்தில் அவள் பார்வையிலும் சொல்லியிருப்பார்கள். யாருக்கு இழப்பு அதிகமோ அவர் பார்வையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். முழுதாக எடுத்துப் போட்ட சினிமாப் பாட்டு கட்டாயம் போக வேண்டும், காப்புரிமைச் சிக்கலும் அதில் இருக்கிறது. பொய்க் கொக்கிகளையும் பிடுங்க வேண்டும்: "கதவைத் திறந்தவள் உறைந்து நின்றாள்" என்று முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் வாசலில் நிற்பது பால்காரர் என்றால் அந்த இரண்டு பத்திகளுமே வீண். அறுபது அத்தியாயம், சராசரி 1,200 சொல் என்றால் 72,000 சொற்கள். இவற்றை எடுத்தால் 50,000-இல் நிற்கும். நாவல்கள் வழக்கமாக வரும் டெம்மி அளவில் பக்கத்துக்கு 225 சொல் என்று வைத்தாலும் ஏறக்குறைய நூறு பக்கம் மிச்சம். வாங்குபவருக்கு விலையிலும் அது தெரியும்.

பழைய மாத நாவல்களை இப்போது ஏக்கத்தோடு பேசுகிறவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே நோய் நேர் எதிர்த் திசையில் இருந்தது. இத்தனை ஃபாரம்தான் (ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கத் தொகுதி) என்று பக்கம் முன்பே முடிவாகிவிடும். கடைசி ஃபாரத்தில் இடம் இல்லாததால் வில்லன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டே பக்கத்தில் திருந்துவான், மாமியார் ஒரே பத்தியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அடுத்து, யாரும் தொடத் தயங்கும் விஷயம்: ஆன்ட்டி ஹீரோ. கட்டாயத் தாலி, ஒப்பந்தக் கல்யாணம், அறைதல், அறையில் பூட்டுதல், கடைசி மூன்று அத்தியாயத்தில் மன்னிப்பு. கேட்டால், அவனுக்குச் சின்ன வயதில் பாசம் கிடைக்கவில்லை என்பார்கள். இப்படி எழுதுவதைத் தடை செய்யச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் இதைக் காதல் என்று விற்பதற்கு நம் இலக்கணமே இடம் தரவில்லை. ஒருதலையாக நிற்பது கைக்கிளை, இருவரும் ஒத்துவருவது அன்பின் ஐந்திணை என்று பிரித்த தொல்காப்பியம், மிகுந்த காமத்தால் வலிமை காட்டுவதைப் பொருந்தாக் காமமான பெருந்திணையில் கொண்டுபோய் வைத்தது. இன்றைய ஆன்ட்டி ஹீரோ நாவல் பெருந்திணையை எழுதிவிட்டு, அட்டையில் ஐந்திணை என்று போட்டுக்கொள்கிறது.

நீதிபோதனை ஒரு பக்கம் இருக்கட்டும். கதையாகவும் அது தோற்கிறது. அவளால் "முடியாது" என்று சொல்லவே முடியாத நிலை என்றால், கடைசியில் அவள் சொல்லும் "சரி"க்கு என்ன மதிப்பு? உச்சக்கட்டம் காலியாகிவிடுகிறது. இந்த வகையை எழுதித்தான் தீருவேன் என்பவர்கள் சிலவற்றைச் செய்தே ஆக வேண்டும். மன்னிப்புக் காட்சிக்கு முன்பே அவளுக்கு வெளியேறும் வழி இருக்க வேண்டும். சொந்தச் சம்பளமோ போய்த் தங்க ஒரு வீடோ, ஏதாவது ஒன்று. அவன் நாலு பேர் அறிய எதையாவது இழக்க வேண்டும். தனி அறையில் அழுவது கணக்கில் சேராது. மன்னிப்புக் கேட்பதற்கும் அவள் ஏற்பதற்கும் நடுவே கதைக்குள் மாதங்கள் ஓட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்பு எந்தச் சூழலில் கையை ஓங்கினானோ அதே சூழல் மறுபடி வந்து, இம்முறை அவன் வேறு மாதிரி நடந்துகொள்வதைக் கண்ணால் காட்ட வேண்டும். இந்தக் கடைசிக் காட்சியைத்தான் பெரும்பாலும் எழுதாமல் விடுகிறார்கள். எழுதக் கடினம், அவ்வளவுதான் காரணம்.

இதே சோதனையைப் பழைய நூலிலும் போட்டுப் பார்க்கலாம். எட்டுத் திருமணங்களால் மணநூல் என்று பேர் வாங்கிய சீவக சிந்தாமணியில், ஆண்களைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்த சுரமஞ்சரியின் மாளிகைக்குள் சீவகன் மந்திரத்தால் கிழவனாக மாறிப் போகிறான். பிறகு காமன் கோட்டத்தில் சிலைக்குப் பின்னால் நண்பனை ஒளித்துவைத்துத் தெய்வம்போல் பேசவைக்கிறான். ஏமாற்றுதான், சந்தேகமில்லை. ஆனால் அவள் வேண்டிப் போவதே சீவகனைத்தான். தானே போட்டுக்கொண்ட சபதத்திலிருந்து இறங்க அவளுக்கு ஒரு படி கிடைக்கிறது. அதனால்தான் அந்த இடம் இன்றும் சிரிக்கவைக்கிறது.

மாயக்கதைக்கு வருகிறேன். இங்கே பெரும் குறை, மந்திரத்துக்கு வரம்பே இல்லாமல் இருப்பது. கடைசி அத்தியாயத்தில் நாயகியின் கண்கள் திடீரென நீலமாக ஒளிரும், எதிரிப் படை சாம்பலாகும். அந்தச் சக்தி இருந்தால் முதல் அத்தியாயத்திலேயே முடித்திருக்கலாமே? மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால் அந்த மந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் ஒரு விதியாகவே எழுதினார். நம் பாட்டிமார்களுக்கு அது எப்போதோ தெரியும். ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது என்றால், அவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் எங்கே தொட்டால் விழுவான் என்பது கேட்கும் குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டு அரியணை வரம் பெற்ற விக்கிரமாதித்தனைக் காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இரண்டாயிரம் ஆண்டு வாழவைக்கிறான் அவன் மந்திரி பட்டி. வரத்தின் சொற்களைப் பட்டி மீறவில்லை. அவற்றுக்குள் இருந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொண்டான்.

ஆனால் மாயத்தைக் கணக்காகக் கையாள்வதற்கு மணிமேகலையைத் தாண்டி யாரும் போக வேண்டியதில்லை. மணிபல்லவத்தில் தெய்வம் அவளுக்குத் தருவது மூன்றே மந்திரம்: வேற்று உருவம் எடுக்க, வானில் செல்ல, பசியை வெல்ல. மூன்றும் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகின்றன, மூன்றும் பயன்படுகின்றன, அவற்றில் ஒன்று பெரும் விபரீதத்தில் முடிகிறது. உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் வடிவம் எடுக்கிறாள்; மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் அந்த வடிவத்தைத் தன் மனைவியென்றே நம்பி, அவளை நெருங்கிய உதயகுமரனை வெட்டிவிடுகிறான். பட்டினி போட்டுச் சாகடிக்க அரசி அவளைச் சிறையில் அடைக்கும்போது, மறந்தே போயிருந்த பசி மந்திரம் கைகொடுக்கிறது. அமுதசுரபிக்கும் நிபந்தனை உண்டு: முதல் பிச்சை ஆதிரை கையால் விழுந்த பிறகே அது சுரக்கத் தொடங்குகிறது.

இன்று எழுதுபவர்கள் இதை அப்படியே செய்முறையாக எடுத்துக்கொள்ளலாம். நாவலின் முதல் கால் பகுதிக்குள் விதியைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூன்று பக்கச் சொற்பொழிவாக வேண்டாம், ஒரு சின்னக் காரியத்தில் பயன்படுத்திக் காட்டினால் போதும். நடுவில் ஒருமுறை அது தவறிப்போக வேண்டும், அல்லது வேண்டாத விலையைக் கேட்க வேண்டும். கடைசியில் பயன்படும்போது புதிதாக எந்தச் சக்தியும் முளைக்கக் கூடாது. புரியாத மாயம் கூடாது என்பதில்லை. அது சிக்கலைக் கொண்டுவரலாம், தீர்க்கத்தான் கூடாது. பேய்க்கதைகள் நிற்பது இப்படித்தான்.

காதலும் மாயமும் கலந்த மறுபிறவி நாவல்கள் நம்மிடம் ஏராளம். "போன பிறவியில் நீ என் மனைவி" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, இந்தப் பிறவியில் இருவரும் பழக வேண்டிய இருநூறு பக்கத்தை எழுதாமல் தப்பிக்கிறார்கள். உதயகுமரன்தான் முற்பிறவியில் தன் கணவன் இராகுலன் என்று மணிமேகலைக்குத் தெரியும். மனமும் இளகுகிறது. இருந்தும் அவள் அவனோடு போகவில்லை. பழைய உறவு தெரிந்த பிறகும் இந்தப் பிறவியின் முடிவை அவளே எடுக்கிறாள்.

சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நூற்றாண்டுச் சோழ அடுக்களையில் மிளகாய் வற்றல் தாளிக்கிறார்கள். மிளகாயும் தக்காளியும் போர்ச்சுகீசியர் வந்த பிறகே இந்த மண்ணுக்கு வந்தன, அதுவரை காரம் என்றால் மிளகுதான். தஞ்சையில் புறப்பட்ட வீரன் அதே குதிரையில் விடிவதற்குள் மதுரை சேர்கிறான். 150 கிலோமீட்டருக்குக் குறையாத வழி. ஆளைச் சுமந்து நாள்தோறும் பயணப்படும் குதிரை ஒரு நாளில் 50, 60 கிலோமீட்டர் போகும். வழியில் குதிரை மாற்றினான் என்று ஒரு வரி சேர்த்தால் நம்பிவிட்டுப் போகிறோம். கற்பனை நாடு என்றால் என்ன வேண்டுமானாலும் சமைக்கட்டும், ஆண்டும் ஊரும் குறிப்பிட்டுவிட்டால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

பிள்ளைகள் இப்போது ஆங்கிலத்தில் ரொமான்டஸி என்ற, காதலும் மாயமும் கலந்த வகையை வாங்கிக் குவிக்கிறார்கள். டிராகன், தேவதை என்று அட்டையைப் பார்த்துச் சிறுவர் புத்தகம் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். சாரா ஜே. மாஸின் புகழ்பெற்ற தொடர் ஒன்று 2015-இல் இளையோர் பிரிவில் வெளிவந்து, பிறகு பெரியவர்களுக்கான அட்டையோடு மறுபதிப்பானது. உள்ளே இருப்பதும் பெரியவர்களுக்கான எழுத்துதான். பதின்மூன்று வயதுக்கு வாங்கும்முன் பதிப்பாளரின் வயதுக் குறிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஞாயிறு நூல் மதிப்புரைப் பக்கத்தில் இந்த நாவல்களுக்கும் இடம் கொடுங்கள். பாராட்டு, கண்டனம் எதுவானாலும் அடியில் சில தகவல்கள் இருக்கட்டும்: எத்தனை பக்கம், எந்த வயதுக்கு, இணையத் தொடராக வந்ததா, வந்திருந்தால் நூலுக்காகச் செப்பம் செய்தார்களா, வற்புறுத்தல் காட்சிகள் உண்டா, கதை இந்த நூலிலேயே முடிகிறதா. கடைசித் தகவல் கட்டாயம் வேண்டும். முதல் பாகத்தோடு நின்றுபோன நாவல்கள், பாகம் ஒன்று என்பதையே அட்டையில் போடாமல் புத்தகக் கண்காட்சிகளில் முழு விலைக்கு விற்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.